அறுப்பு முடிஞ்சதும் அனுப்புறேன்

எங்கள் ஊரில் அறுப்புக்கு முன்னால் யாரும் எந்த முடிவும் எடுப்பதில்லை. கல்யாணம், காதுகுத்து, வீட்டுக்கு வெள்ளையடிப்பது, பங்காளிச் சண்டைக்குப் பஞ்சாயத்து, எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அறுப்பு முடியட்டும்." மார்கழி மழையில் சம்பா சாய்ந்து அறுப்பு தள்ளிப்போனால் ஊரின் மொத்த வாழ்க்கையும் சேர்ந்து தள்ளிப்போகும். என் அம்மா ஒரு கடைவாய்ப் பல்லை எடுக்காமல் அறுப்புக்கு அறுப்பு தள்ளிப்போட்டாள். கடைசியில் அது தானாகவே விழுந்துவிட்டது. டாக்டர் செலவு மிச்சம் என்று அதையும் ஒரு லாபக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

இந்தப் பதிலில்தான் என் பிழைப்பும் ஒரு தடவை மாட்டிக்கொண்டது.

எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர் எங்களுடையது. அப்பாவுக்குக் கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. எனக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்க வேண்டும். வீட்டில் யாருக்கும் அது என்ன வேலை என்று தெரியாது. எனக்கே பாதிதான் தெரியும். அப்பா ஒரு கெடு வைத்தார். அறுப்பு முடிகிறவரை நான் தேடிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் பக்கத்து டவுனில் இருக்கும் தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கப் போய்விட வேண்டும். பள்ளிக்கூட வேலையை நான் மட்டமாகச் சொல்லவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது, அவ்வளவுதான். என்னிடம் படித்தால் அந்தப் பிள்ளைகள் பாவம்.

தேடியது பல்கலைக்கழகத்தில். எது என்று சொல்லப் போவதில்லை. பஸ்ஸில் போகும்போது மதில் சுவர் வந்துகொண்டே இருக்கும், டிக்கெட் வாங்கி மீதிச் சில்லறை எண்ணி முடித்த பிறகும் அதே மதில்தான் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவு பெரியது. உள்ளே பேராசிரியர்களும் குமாஸ்தாக்களும் மட்டுமே இருப்பார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். போனில் அதன் இணையதளத்தைத் துழாவ ஆரம்பித்த பிறகுதான் அது ஒரு தனி ஊர் என்று புரிந்தது. திட்ட உதவியாளர், கள உதவியாளர், ஆய்வக உதவியாளர், நூலக உதவியாளர், விடுதிக் காப்பாளர், எலி வளர்க்கிற அறையைப் பார்த்துக்கொள்பவர், சோதனைச்சாலைக்கு வேண்டிய கண்ணாடிக் குழாய்களை ஊதி வளைத்துக் கொடுப்பவர் என்று என்னென்னவோ வேலைகள் இருந்தன. கண்ணாடி ஊதுகிறவர் வேலைக்கு விண்ணப்பிக்கலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன்.

ஆனால் அந்த வேலைகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்காது. நிரந்தர வேலைகள் பதிவாளர் அலுவலகப் பக்கத்தில் வரும். ஆராய்ச்சித் திட்டத்தில் வரும் தற்காலிக வேலைகள் அந்தந்தத் துறையின் பக்கத்தில், எங்கோ ஒரு மூலையில் வரும். 'புதியது' என்று சிவப்பாக மினுக்கிக்கொண்டிருப்பதைத் தொட்டால் எப்போதோ முடிந்துபோன நாற்காலி டெண்டர் திறக்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைக்கோல் போரில் வீசியிருக்கிறேன். பிறகு நானே தேடி எடுத்திருக்கிறேன்.

கார்த்திகையில் ஒன்று அகப்பட்டது. வயல் மண்ணில் தங்கிப்போகும் பூச்சிமருந்தைப் பற்றிய ஆய்வு, அதற்கு ஒரு திட்ட உதவியாளர் வேண்டும். நான் எம்.எஸ்ஸி.யில் செய்த ஆய்வும் கிட்டத்தட்ட அதுதான். எனக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருந்தது. விண்ணப்பம் அனுப்பினேன். தகுதியானவர்களை நேரடியாகத் தொடர்புகொள்வோம் என்று போட்டிருந்தார்கள்.

மார்கழி முழுக்கக் காத்திருந்தேன். விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு மின்னஞ்சலைப் பார்ப்பேன். சாப்பிட்டதும் பார்ப்பேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டும் பார்ப்பேன். ஒன்றும் வரவில்லை. நான் அவ்வளவு மோசமா என்று நினைத்து நினைத்து மனம் வெறுத்துப்போனது.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ரேஷன் கடை வரிசையில் எங்கள் தெருக்காரப் பெண் ஒருத்தி என் தோளைத் தட்டினாள்.

"என்னடி, தை பொறந்ததும் யூனிவர்சிட்டில வேலைக்குச் சேரப்போறியாம்? வாயே தொறக்கல பாரு!"

"யாருக்கா சொன்னது?"

"ஒங்கப்பாதான் டீக்கடைல சொன்னாராம். எங்க வீட்டுக்காரர் வந்து சொன்னாரு."

சர்க்கரையை வாங்காமலே வீட்டுக்கு ஓடினேன். அப்பா தார்ப்பாயை விரித்து ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதும் முகம் மலர்ந்தது.

"ஆமா, பேசுனாங்க. ஒரு அம்மா. மரியாதையாத்தான் பேசுனாங்க. புதன்கெழம வரமுடியுமான்னாங்க. இப்ப அறுப்பு நேரங்க, அறுப்பு முடிஞ்சதும் அனுப்புறேன்னு சொன்னேன். சரிங்கன்னு வச்சுட்டாங்க."

"எப்ப?"

"கீழத்துண்டு வயல்ல பயிரு சாஞ்சிச்சுல்ல, அன்னைக்கி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தை பொறந்து சொன்னா சந்தோசப்படுவேன்னு வச்சிருந்தேன்."

விண்ணப்பத்தில் நான் கொடுத்திருந்தது அப்பாவின் நம்பர். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகள் அப்படித்தான் கொடுப்போம். பரீட்சை பாரம், உதவித்தொகை, பஸ் பாஸ், எதுவானாலும் தொலைபேசி எண் என்ற இடத்தில் கை தானாக அப்பா நம்பரை எழுதும். என்னுடைய நம்பர் என் தோழிகளுக்கும் ரீசார்ஜ் கம்பெனிக்கும் மட்டுமே தெரியும்.

அப்பாவின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் உலகத்தில் அறுப்பு மிஷின் புரோக்கர் கூப்பிட்டு நாளைக்கு மிஷினை இறக்கட்டுமா என்று கேட்பார். பயிர் இன்னும் பச்சையாக இருக்கிறது, அடுத்த வாரம் வாங்க என்பார் அப்பா. புரோக்கர் சரிங்க என்றால் அடுத்த வாரம் மிஷின் வந்து நிற்கும். அந்த ஒரு 'சரிங்க'வை நம்பித்தான் எங்கள் ஊரில் நெல் வீடு வந்து சேர்கிறது. பல்கலைக்கழகமும் சரிங்க என்று சொல்லிவிட்டதால் வேலை உறுதி என்று அவர் நிம்மதியாக இருந்திருக்கிறார். அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. அவளும் நல்ல நாளுக்காகக் காத்திருந்தாளாம்.

நான் கோபக்காரி. எனக்குக் கோபம் வந்தால் பாத்திரங்கள் பேசும். அன்றைக்கு ஒரு சொம்பு நசுங்கியது. இன்றும் எங்கள் வீட்டில் அந்த நசுங்கலோடுதான் தண்ணீர் குடிக்கிறோம். "புதன்கெழம வரச் சொன்னது இன்டர்வியூவுக்கு! ஒரு வருசத்துக்குள்ள இதே மாதிரி இன்னொண்ணு வராது!" என்று கத்தினேன். அப்பா தார்ப்பாயின் ஓட்டையில் விரலை விட்டபடி உட்கார்ந்திருந்தார். திரும்பக் கூப்பிடலாம் என்றால் அவருடைய பட்டன் போனில் பழைய நம்பர் எதுவும் தங்குவதில்லை.

மறுநாள் காலையில் நேரில் போகிறேன் என்று கிளம்பினேன். பஸ்ஸுக்கு நடக்கத் தொடங்கியதும் பின்னாலேயே வண்டிச் சத்தம் கேட்டது. அப்பா வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏறு," என்றார்.

வழியில் கால்வாய்ப் பாலம் வந்ததும் பழக்க தோஷத்தில் வண்டியை நிறுத்தித் தண்ணீரை எட்டிப் பார்த்தார். நான் முதுகில் ஒரு குத்து விட்டேன்.

துறையைக் கண்டுபிடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. போனில் பேசிய அம்மா அங்கே பேராசிரியை. ஆய்வகக் கோட்டோடு வெளியே வந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"ஓ, அறுப்பு வீடா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அந்த இடம் நிரம்பிடுச்சும்மா. திருவாரூர்ப் பொண்ணு ஒண்ணு சேந்தாச்சு."

அப்பா என் பின்னாலிருந்து முன்னால் வந்தார். "நீங்க சரிங்கன்னு சொன்னீங்களேம்மா," என்றார்.

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அந்த அம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "உங்க பொண்ணால வரமுடியாதுன்னு சொல்றீங்கன்னு நெனச்சேங்க," என்றார் தணிந்த குரலில். அப்பா தலையை ஆட்டிக்கொண்டு தோள்துண்டைச் சரிசெய்தார், சரியாக இருந்ததைத் திரும்பவும் சரிசெய்தார். முந்தின நாள் முழுக்க நான் வளர்த்து வைத்திருந்த கோபம் அந்த இடத்தில் வடிந்துபோனது. அதற்குப் பதிலாக அழுகை வந்தது. அதையும் விழுங்கிக்கொண்டேன்.

பேராசிரியைக்கு வகுப்பு இருந்தது, போய்விட்டார். நாங்கள் நடையில் இருந்த அறிவிப்புப் பலகையின் முன் நின்றோம். ஒன்றின் மேல் ஒன்றாகக் காகிதங்கள். இணையதளத்தில் நான் பார்த்தே இராத வேலைகள் சிலவும் அதில் இருந்தன, எல்லாம் தேதி தாண்டியவை. துறை அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா அம்மா டிபன் டப்பாவைத் திறந்தபடியே நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடலோர நெலத்துல உப்பு ஏறுறதப் பத்தி இன்னொரு திட்டம் கெடச்சிருக்கு. அதுக்கும் ஆள் எடுப்பாங்க. நோட்டீஸ் மேல போயிருக்கு."

"மேலன்னா எங்கங்க?"

"அதெல்லாம் வரும்மா. வெப்சைட்டப் பாத்துக்கிட்டே இருங்க."

நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முந்தின நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

வரும், பாத்துக்கிட்டே இருங்க! கடைமடைக்காரர்களுக்கு இதைவிடப் பழகிய வாக்கியம் கிடையாது. ஆனியில் கல்லணை திறந்ததும் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால் எங்களுக்குச் சொல்லப்படுவது இதுதான். பார்த்துக்கொண்டே இருந்தால் நாற்று முற்றிவிடும். அதனால் எங்கள் ஊரில் யாரும் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. கரையோடு வண்டியில் மேலே போவோம். தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த மதகில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது, ஷட்டர் சாவி யாரிடம் என்று விசாரித்துக்கொண்டே போய், தண்ணீரின் தலையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்புவோம். சின்ன வயசிலிருந்து நானும் போயிருக்கிறேன். தண்ணீரைப் பார்த்ததாலேயே அது சீக்கிரம் வந்துவிடாதுதான். ஆனால் எப்போது உழலாம் என்று தெரிந்துவிடும்.

"வாங்கப்பா," என்றேன். "எங்க நிக்குதுன்னு பாத்துட்டு வந்துடுவோம்."

மேலே போனோம். துறையிலிருந்து போன காகிதம் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போயிருந்தது. அது அடுத்த கட்டிடம். அங்கிருந்து நிதிப் பிரிவு, மைதானத்தைத் தாண்டி. அங்கே அது இல்லை, ஒப்புதலாகிப் பதிவாளர் அலுவலகம் போய்விட்டது என்றார்கள். ஒவ்வொரு மேஜையிலும் அப்பா எனக்கு முந்திக்கொண்டு, "அது இப்ப எங்கங்க நிக்குது?" என்று மதகு ஆபரேட்டரிடம் கேட்கிற அதே குரலில் கேட்டார். எனக்கு மானம் போனது. ஆனால் யாரும் எங்களை விரட்டவில்லை. ஓர் அலுவலர் அப்பாவிடம் எந்த ஊர், என்ன ரகம் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். அப்பா சாய்ந்த பயிரைப் பற்றிச் சொல்ல, அவர் தன் மாமனார் வயலும் சாய்ந்ததைச் சொல்ல, இரண்டு பேரும் வானிலையைத் திட்டினார்கள். நான் காகிதத்தை நினைவூட்டினேன்.

பதிவாளர் அலுவலகத்தின் கடைசி அறையில் அது இருந்தது. எங்கும் அடைபட்டுக் கிடக்கவில்லை, தன் முறைக்காகத்தான் காத்திருந்தது. அங்கிருந்த பெண் அலுவலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"இதத் தேடிக்கிட்டு நேர்ல வந்தவங்க நீங்க மட்டும்தான். பொங்கல் லீவு முடிஞ்சதும் வெளில வரும். வாக்-இன் இன்டர்வியூ. யார் வேணா வரலாம், அதனால கூட்டம் இருக்கும். ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க."

பிறகு அவராகவே இன்னும் கொஞ்சம் சொன்னார். திட்ட வேலை திட்டத்தோடு முடிந்துவிடும். ஆனால் அதில் இருந்துகொண்டே நிரந்தர இடங்களுக்குப் பரீட்சை எழுதலாம். பல பேர் அப்படித்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். தானும் அப்படி வந்தவர்தான் என்றார். எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல இருந்தது. வெட்கத்தில் நன்றி மட்டும் சொன்னேன்.

வெளியே வந்து டீ குடித்தோம். அப்பா பாதி டீயில் மெதுவாக ஆரம்பித்தார்.

"நான் சொன்னேன்ல, தை பொறந்ததும்னு."

டீயை அவர் வேட்டியில் ஊற்றியிருப்பேன். சிரிப்பு முந்திக்கொண்டது.

அறிவிப்பு சொன்னபடியே வந்தது. விண்ணப்பப் படிவத்தில் தொலைபேசி எண் என்ற இடத்தில் என் நம்பரை எழுதினேன். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது என்பதுதான் உண்மை.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மிஷின் புரோக்கர் கூப்பிட்டார். நாளைக் காலையில் எங்கள் கீழத்துண்டுக்கு மிஷின் வருகிறதாம். சாய்ந்த பயிர். ஒரு மழை பெய்தால் முளைத்துவிடும். அன்று வானம் வேறு மூட்டமாக இருந்தது. முறையை விட்டால் மிஷின் மறுபடி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாக இந்த இடத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நீ தனியாகப் போய்விட்டு வா என்பார், அதுகூட நல்ல நாளாக இருந்தால். நானும் தனியாகப் போகத் தயாராகவே இருந்தேன்.

"பக்கத்து வயலுக்கு விட்டுடுங்க," என்றார் அப்பா போனில். "நாளைக்கி எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் வேல இருக்கு... ஆமா, தெரியும், வானம் கறுத்துக்கிட்டுத்தான் இருக்கு... அறுப்பு கெடக்கட்டுங்க."

அறுப்பு கிடக்கட்டும் என்று ஒரு மனிதர் சொல்லி எங்கள் ஊரில் நான் கேட்டதில்லை. அம்மா கையிலிருந்த கரண்டியோடு வெளியே வந்து அப்பாவைப் பார்த்தாள், காய்ச்சலா என்று கேட்கிற பார்வை. நான் அன்று அடுப்புப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அப்போதே கேஸ் அடுப்புதான்.

இன்டர்வியூ அன்று துறையின் நடை முழுக்கக் கூட்டம். சென்னையிலிருந்துகூட வந்திருந்தார்கள். என் முறை வந்தபோது உள்ளே நான்கைந்து பேர் இருந்தார்கள், அவர்களில் அந்தப் பேராசிரியையும் ஒருவர். மண்ணில் உப்பை அளப்பது பற்றிக் கேட்டார்கள், சொன்னேன். ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு நானே கண்டுபிடித்துத் திருத்தினேன். இன்னொரு கேள்விக்குத் தெரியாது என்றேன். கடைசியில் பேராசிரியை கேட்டார்.

"அப்பா எங்கம்மா?"

"வெளில நிக்கறாருங்க."

"அறுப்பு?"

"கெடக்கட்டும்னுட்டாரு."

அவர் மட்டும் சிரித்தார். மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

கீழத்துண்டை அறுத்த அன்றுதான் போன் வந்தது. நல்லவேளையாக மழை ஏமாற்றிவிட்டது, அந்த ஒரு தடவை எங்களுக்குச் சாதகமாக. நான் மூட்டைக்குச் சணல் கட்டிக்கொண்டிருந்தேன். என் போன், என் நம்பர். எப்போது சேர முடியும் என்று கேட்டார்கள். நாளைக்கே என்றேன். ஒன்றாம் தேதி போதும் என்றார்கள். அப்பாவிடம் சொன்னபோது அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "சரிங்கன்னாங்களா, இல்ல வேற ஏதும் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

மண் எடுக்க வேதாரண்யத்திலிருந்து தரங்கம்பாடி வரை அலைந்தோம். அந்தத் திட்டம் முடிவதற்குள் நான் பரீட்சை எழுதி இரண்டாம் முயற்சியில் தேறினேன். இப்போது அதே துறையில் தொழில்நுட்ப உதவியாளர், நிரந்தரம். புதிய திட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பித்தவர்களைக் கூப்பிட்டுச் சொல்வதும் என் வேலைதான். அதை நானாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் ஒரு நம்பரைக் கூப்பிட்டேன். ஓர் ஆண் குரல், பின்னால் மிஷின் இரைச்சல்.

"யாரு? கேக்கல... யூனிவர்சிட்டியா? ஆமா, எம் பொண்ணுதான். இப்ப அறுப்பு நடக்குதும்மா. முடிஞ்சதும் அனுப்பி வைக்கிறேனே."

சரிங்க என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. அதைக் கவனமாக விழுங்கினேன்.

"ஐயா, பொண்ணு எங்க இருக்கு?"

"வீட்டுல."

"போய்ப் போனக் குடுங்க. நான் வைக்க மாட்டேன்."

"வீடு தூரம்மா, வாய்க்காலத் தாண்டிப் போவணும்."

"பரவால்லங்க. நடங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவர் நடந்தார். மிஷின் சத்தம் மெல்ல மெல்லப் பின்னால் போனது. வாய்க்காலில் இறங்கி ஏறும் சத்தம் கேட்டது. யாரோ எங்கே போகிறீர்கள் என்று கேட்க, யூனிவர்சிட்டி லைனில் இருக்கிறது என்று அவர் பெருமையாகச் சொன்னார். ஒரு நாய் குரைத்தது. என் மேஜைக்கு எதிரில் ஒருவர் கோப்போடு வந்து நின்றார், கையைக் காட்டி நிறுத்தி வைத்தேன். கடைசியில் ஒரு கதவு திறந்தது. "ஒனக்குத்தான், பேசு," என்றது அவர் குரல்.

"ஹலோ?" என்றது ஒரு பெண் குரல், பயந்துகொண்டே.

தேதியையும் நேரத்தையும் அப்புறம்தான் சொன்னேன். முதலில், "உன் சொந்த நம்பரச் சொல்லும்மா, எழுதிக்கிறேன்," என்றேன்.